கொதிக்கிற காரும் நல்ல தண்ணியும்



சென்ற மாதம் எமது வானொலியில் நான் நிகழ்த்திய உரையை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். வழக்கமாக வருமான வரி, ஓய்வூதியம், வீட்டுக் கடன் என்று கணக்குக் கதை பேசுகின்ற நான் பழைய கார்களைப் பற்றிப் பேசியதும், "அண்ணை, தொழிலை மாத்திப்போட்டியளோ?" என்று தொலைபேசியில் பகிடி விட்டவர்களும் உண்டு. இல்லை. நான் வெறும் வர்த்தகப் பட்டதாரிதான். என் கையில் எண்ணெய் பட்டதெல்லாம் யாழ்ப்பாணத்தில், அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் காருக்குக் கீழே படுத்திருந்த காலத்தில்தான். ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகின்றேன்.

2022 யூலை 19 ஆம் திகதி இங்கிலாந்தின் கொனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. பிரித்தானியாவில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது அதுவே முதற் தடவை. அந்தக் கிழமை என்னிடம் கணக்குப் பார்க்க வருகின்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் மிகவும் சோர்ந்துபோய் வந்தார். அவரிடம் 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருக்கின்றது. கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகின்றார். அதனால் அந்தக் காரின் செலவுச் சிட்டைகள் எல்லாம் என் மேசைக்கு வரும். அன்று மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது தேவாலயத்துக்கு ஒரு மைல் முன்னால் கார் கொதித்து நின்றுவிட்டதாம்.

சிட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே வருடத்தில் இரண்டு தேர்மோஸ்ராற், ஒரு வாட்டர் பம்ப், ஒரு புது ரேடியேற்றர், ஒரு மூடி. இனி மின்சார விசிறி ஒன்று பூட்டப் போகிறேன் என்றார். கணக்கில் பிழை எங்கே என்று தேடாமல் கல்குலேற்றரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களை நான் அலுவலகத்தில் பார்த்திருக்கின்றேன். "புளொக்கின் பின்பக்கப் பைப்பைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஓர் எஞ்சினுக்குள் எரிகின்ற பெற்றோலின் சக்தியை 100 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார்களில் அதில் ஏறக்குறைய 25 ரூபாதான் வேலையாக மாறும். மிச்சத்தில் பெரும் பங்கு புகைக்குழாயால் வெளியே போகும். இன்னொரு பெரும் பங்கைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய் ரேடியேற்றரில் காற்றுக்குக் கொடுக்கவேண்டும். வருகின்ற சூட்டுக்கும் போகின்ற சூட்டுக்கும் கணக்குச் சரிவந்தால் ஊசி நடுவில் நிற்கும். சரிவராவிட்டால் கொதிக்கும். இவ்வளவுதான் விஷயம்.

தொடக்க காலத்தில் கொதிப்பதைக் குறையாகவே எவரும் நினைக்கவில்லை. ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் 1886 இல் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டியில் இன்றுள்ளது போன்ற ரேடியேற்றர் இல்லை. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும், குறையக் குறைய ஊற்றவேண்டும். 1888 ஓகஸ்டில் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். 100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். உலகின் முதலாவது நெடுந்தூரக் கார்ப் பயணம் அதுதான் என்று சொல்லப்படுகின்றது. எரிபொருளுக்கு வழியில் ஒரு மருந்துக்கடையில் நின்றது பலருக்கும் தெரிந்த கதை. தண்ணீருக்காக எத்தனை இடத்தில் நிற்கவேண்டியிருந்தது என்பதை ஏனோ பெரிதாகச் சொல்வதில்லை. பிள்ளைகளோடு தண்ணீர் தேடிக்கொண்டு வாகனத்தில் போன ஒரு தாய். எங்கள் ஆட்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

வெல்ஹெல்ம் மேபாக் என்ற பொறியியலாளர்தான் இதற்கு ஒரு வழி கண்டார். 1900 ஆம் ஆண்டு முடிவில் வந்த 35 குதிரைவலு மேர்சிடிஸ் காருக்கு, தேன்கூடு போன்ற ரேடியேற்றர் ஒன்றை அவர் அமைத்தார். 6 மில்லிமீற்றர் அளவுள்ள சதுரக் குழாய்கள் 8,070 ஐ ஒன்றாக ஒட்டிச் செய்தது. குழாய்களுக்குள்ளால் காற்று, அவற்றைச் சுற்றியுள்ள இடுக்குகளில் தண்ணீர். தண்ணீர்த் தேவை 9 லீற்றராகக் குறைந்தது. இன்றைக்கும் எல்லாக் கார்களின் மூக்கிலும் இருப்பது அதன் பேரப்பிள்ளைதான்.

ஆனால் மலிவான கார்களுக்குத் தண்ணீர் பம்ப் பூட்டாமல் நெடுநாள் சமாளித்தார்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வரையில் விற்ற ஃபோர்ட் ரீ மொடலில், முதல் சில ஆயிரம் கார்களைத் தவிர மற்றவற்றுக்குப் பம்ப் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலே போகும், ஆறியது கீழே இறங்கும் என்ற இயற்கையை நம்பி ஓடியவை அவை. மேல் ஹோஸ் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் சுற்றோட்டம் நின்று கொதித்துவிடும். பிறகு பம்பும் தேர்மோஸ்ராற்றும் அழுத்த மூடியும் வந்தன. 7 இறாத்தல் அழுத்த மூடி போட்டால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, ஏறக்குறைய 111 பாகை வரை தாங்கும். மூடியின் இறப்பர் தேய்ந்தால் அந்த 11 பாகையும் கைவிட்டுப் போகும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் பிரித்தானியாவுக்கு வெளிநாட்டுப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. செய்கின்ற கார்களை ஏற்றுமதி செய் என்றது அரசாங்கம். அப்படித்தான் பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்து லோங்பிரிட்ஜில் செய்த ஒஸ்ரின் ஏ40களும், ஒக்ஸ்ஃபோட் கௌலியில் செய்த மொறிஸ் மைனர்களும் உலகமெல்லாம் போயின. இலங்கைக்கும் வந்தன. 1960களில் இலங்கையிடம் வெளிநாட்டுச் செலாவணி இல்லாமற்போய்க் கார் இறக்குமதி இறுகியது. 1977 இல் பொருளாதாரம் திறக்கும்வரை, இருந்த காரை வைத்திருப்பதுதான் வழி. குளிர் நாட்டுக்காரன் தன் ஊர்க் காலநிலையை மனதில் வைத்துச் செய்த எஞ்சின், 30 பாகை வெயிலில், ஆறேழு பேரையும் ஒரு மூட்டை வெங்காயத்தையும் ஏற்றிக்கொண்டு நாற்பது வருடம் ஓடியது. அதற்குக் காரணம் லோங்பிரிட்ஜ் அல்ல, எங்கள் ஊர்க் கராஜ்காரர்கள்தான் என்பது என் துணிபு.

யாழ்ப்பாணத்தில் கார்களுக்குப் பெரிய எதிரி வெயில் அல்ல, கிணற்றுத் தண்ணீர். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அந்தக் கல்லினூடாக இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகின்றது. காய்ச்சினால் அந்தச் சுண்ணாம்பு பிரிந்து படியும். ஊரில் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிந்திருந்ததை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதே படிவு ரேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் எஞ்சின் புளொக்குக்குள்ளும் படியும். சூட்டைக் கடத்துவதில் செம்பை விட அது நூறு மடங்குக்கு மேல் மோசமானது. உள்ளே கம்பளி போர்த்தியது போலத்தான். (லண்டன் பைப் தண்ணீரும் இதே சாதிதான் என்பது உங்கள் கேத்தலைப் பார்த்தால் தெரியும்.)

அப்பா கொக்குவிலில் ஹயர் கார் ஓடினார். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு விட்டதில்லை. மாரியில் கூரைத் தண்ணீரைத் துணியால் வடித்துப் பெரிய சாடிகளில் பிடித்து மூடி வைப்பார். அதற்கு எங்கள் வீட்டில் "கார்த் தண்ணி" என்று பெயர். அம்மா பருப்பு அவிய அதில் ஒரு செம்பு எடுத்தாலும் சண்டை வரும். நல்ல தண்ணீரில் பருப்பு கெதியாய் அவியும் என்பது அம்மாவின் நியாயம். காரின் பின்பெட்டியில் எப்போதும் ஒரு பச்சைக் கானில் அந்தத் தண்ணீர் இருக்கும்.

இதிலும் ஒரு குறை உண்டு. மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, ஆனால் வெறும் மழைத்தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அந்தத் துரு சேறாகி, புளொக்கின் பின்பக்கம், கடைசிச் சிலிண்டரைச் சுற்றிப் போய் அடையும். தண்ணீர் மெதுவாகப் போகின்ற மூலை அது. இங்கே நாங்கள் பாவிக்கின்ற அன்ரிஃபிறீஸில் குளிருக்கு மருந்து மட்டுமல்ல, துருவுக்கு மருந்தும் இருக்கின்றது. ஊரில் எங்களுக்கு அது கிடையாது. ஆகவே அப்பா ஒவ்வொரு வருடமும் சித்திரைக்கு முதல் புளொக்கின் பித்தளைப் பைப்பைக் கழற்றி, கம்பியை விட்டுக் குடைந்து சேறு எடுப்பார். கார் சூடேறினால் அவர் பார்க்கும் ஒழுங்கும் செலவில்லாததில்தான் தொடங்கும். முதலில் ஃபான் பெல்ற்றை விரலால் அமத்துவார். பிறகு ஹோஸைப் பிசைந்து பார்ப்பார், உள்ளே இறப்பர் உரிந்து வழியை அடைக்கிறதா என்று. எஞ்சின் ஆறியபின் மூடியைக் கழற்றி, ஸ்ராற் செய்து, தண்ணீருக்குள் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். வந்தால் ஹெட் காஸ்கற். அதற்குப் பிறகுதான் இக்னிஷன், சேறு எல்லாம். புதுச் சாமான் வாங்குவது கடைசி வரி.

ஆங்கிலேய ஆசிரியரின் காருக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பெல்ற் சரி, குமிழி இல்லை. மைனரின் புளொக்கின் பின்பக்கத்திலும் அப்படி ஒரு பைப் இருக்கின்றது. திறந்தோம். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. முழுவதாகக் கழற்றி, கோட் கொழுவும் கம்பி ஒன்றை நிமிர்த்தி உள்ளே விட்டுக் குடைந்தேன். முதலில் கறுப்புத் தூள், பிறகு கோப்பி நிறத்தில் சேறு, பிறகு அவருடைய வெள்ளைச் சப்பாத்தின் மேலேயே ஒரு பீச்சல். ஹோஸ் பைப்பை வழமைக்கு எதிர்த்திசையில் விட்டு ஒன்றரை மணித்தியாலம் கழுவினோம். எடுத்த சேற்றை ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு அவர் தன் மனைவிக்குக் காட்டினார். பாதிக்குப் பாதி அன்ரிஃபிறீஸ் கலந்து ஊற்றினோம். மின்சார விசிறி வாங்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் ஊசி நடுவில்தான் நின்றது.

"இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டார். தேநீர் குடித்தபடி அவருக்குச் சொன்னதைத்தான் வானொலியில் உங்களுக்கும் சுருக்கமாகச் சொன்னேன்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டத் தொடங்கினோம். இது நாங்கள் மட்டும் கண்டுபிடித்தது அல்ல. பிரித்தானியாவிலேயே ஃபேர்கசன் உழவு இயந்திரங்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடியிருக்கின்றன. பெற்றோலில் ஸ்ராற் செய்து, எஞ்சின் சூடானபின் மற்றதற்கு மாற்றுவார்கள். எங்களிடம் பெற்றோல் சின்னப் போத்தலில், சொட்டுக் கணக்கில். காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு, ஸ்ராற் செய்து, மண்ணெண்ணெய்ப் புகை ஊரெல்லாம் மணக்கப் புறப்படுவோம்.

இங்கேதான் அப்பாவின் கணக்கு கஷ்டப்பட்டது. மண்ணெண்ணெய் ஆவியாக எஞ்சின் நல்ல சூடாக இருக்கவேண்டும். சூடு போதாவிட்டால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைக் கரைத்துவிடும். சூடு கூடினாலோ எஞ்சின் இடிக்கும். இடிக்காமலிருக்க இக்னிஷனைப் பிந்தி வைத்தால், அந்தச் சூடும் தண்ணீரின் தலையில் விழும். பலர் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்தார்கள். அப்பா எறியவில்லை. முதல் மைலுக்கு ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு கார்ட்போட் மட்டையைச் செருகிவைப்பார். எஞ்சின் பிடித்ததும் இறங்கி அதை எடுப்பார். அப்படி ஐந்து வருடம் அந்தக் கார் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றியது. என் பல்கலைக்கழகப் படிப்பும் அந்தக் காரின் உழைப்புத்தான்.

1995 ஒக்டோபர் 30 மாலை வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த இரவைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் காரில் அம்மா, பக்கத்து வீட்டு ஆச்சி, கைக்குழந்தையும் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் கொண்ட ஒரு தாய். மேலே மூட்டைகள். நானும் தம்பியும் நடந்தோம். செம்மணி வெளியில் ஏறியபின் கார் நடக்கின்ற வேகத்தில்கூடப் போகவில்லை. ஓடினால்தான் ரேடியேற்றருக்குக் காற்று. நிற்கின்ற எஞ்சினின் விசிறி மெதுவாகச் சுற்றும், முன்னால் சனத்தின் முதுகும் மாட்டு வண்டியும். அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டார். நாங்கள் தள்ளினோம். கொஞ்சம் இடைவெளி வந்தால் ஸ்ராற் செய்து நூறு யார் போவார், திரும்ப நிறுத்துவார். நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் ஆவி கிளம்பிவிட்டது.

அரை மணித்தியாலம் ஆறவிட்டு, அப்பா மூடியில் சாக்குத் துண்டைச் சுற்றி மெதுவாகத் திறந்தார். உள்ளே தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. பச்சைக் கானைத் தூக்கினார். அதற்குள் இருந்தது பத்து லீற்றர் மழைத்தண்ணீர். அந்த நேரம் பின்சீற்றில் பிள்ளை ஒன்று தண்ணிக்கு அழுதது. காருக்குப் பக்கத்தில் நின்ற வேறு பிள்ளைகளும் கானைப் பார்த்தார்கள். மழை பெய்துதான் கொண்டிருந்தது, சனம் குடையைத் திருப்பிப் பிடித்தும் தொண்டை நனைக்கவே காணவில்லை. அப்பா கொஞ்ச நேரம் கானோடு நின்றார். பிறகு அதை ஆச்சியின் மடியில் வைத்தார்.

"உதைப் பிள்ளையளுக்குக் குடுங்கோ."

என்னிடம் வாளியைத் தந்தார். "உங்காலை இறங்கி மொண்டுகொண்டு வா."

"அப்பா, அது உப்புத் தண்ணி."

"தெரியும்."

உவர்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றினார். சூடான புளொக்குக்குள் ஒரேயடியாக விட்டால் வெடித்துவிடும். அடுத்த நாள் பின்னேரம் சாவகச்சேரி போய்ச் சேர்ந்தோம். வழியில் இன்னும் இரண்டு வாளி அதே தண்ணீர். போனதும் அப்பா சாப்பிடக்கூட இல்லாமல் கழுவினார், மூன்று நாள் திரும்பத் திரும்பக் கழுவினார். ஆனால் உப்பு பட்ட இரும்பு கேட்கவில்லை. மார்கழிக்குள் ரேடியேற்றர் இரண்டு இடத்தில் ஒழுகியது. தையில் ஹெட் காஸ்கற் போய் ஒயிலுக்குள் தண்ணீர் இறங்கியது. காஸ்கற் எங்கும் கிடைக்கவில்லை. 1996 இல் வலிகாமம் திரும்பியபோது காரை ஒரு சொந்தக்காரர் வளவில், மாமரத்துக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் வந்தோம். அப்பா பிறகு ஒரு சங்கக் கடையில் இராக் காவலுக்குப் போனார். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி அழிந்தபோது காரும் போய்விட்டது.

ஏ9 பாதை 2002 இல் திறந்தபின், அடுத்த வருடம் நான் லண்டனிலிருந்து ஊருக்குப் போனேன். அப்பாவோடு விறாந்தையில் இருக்கும்போது அந்த இரவைப் பற்றிப் பேச்சு வந்தது. இத்தனை வருடமும் அதை நான் பெருமையாகத்தான் பலருக்கும் சொல்லிவந்தேன். அவருக்கும் சொன்னேன்.

அவர் பாக்கை வெட்டிக்கொண்டே, "நல்ல தண்ணி விட்டிருந்தா அந்தக் கார் 96 இலை எங்களோடை திரும்பி வந்திருக்கும்" என்றார்.

"பிள்ளையளுக்குக் குடுத்தது பிழையே அப்பா?"

"அது வேறை கணக்கு. நான் காரைச் சொல்லுறன்."

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, லண்டனில் சோமசெற்றுக்கு ஹெட் காஸ்கற் எடுக்கலாமோ, என்ன விலை வரும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த விலையைச் சொன்னேன். மனதுக்குள் ரூபாவுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, "கூடத்தான்" என்றார்.